பத்து நாளில் பிறந்த பாஷை

ஜாவாஸ்கிரிப்ட் என்கிற கம்ப்யூட்டர் பாஷையைப் பரிகாசம் செய்யாத எஞ்ஜினீயர் அபூர்வம். அதை எழுதித்தான் அவர்களில் பலருக்குச் சோறு. இருந்தாலும் அதன் கோணல்களை ஜாபிதா போட்டு வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் எல்லாக் கோணலும் ஒரே ரகம் அல்ல. அச்சுப் பிழையையும் கருத்துப் பிழையையும் ஒரே தராசில் நிறுப்பது விமரிசனம் ஆகாது.

1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் இதன் முதல் உருவத்தைச் செய்து முடித்தார். முதலில் மோக்கா என்று பெயர், பிறகு லைவ்ஸ்கிரிப்ட், அந்த வருஷக் கடைசியில், அப்போது புகழ் பெற்று வந்த ஜாவாவின் பெயரை ஒட்டி ஜாவாஸ்கிரிப்ட் ஆயிற்று.

அவசரத்தின் தழும்புகள் இதில் உண்டு. 'நல்' என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். அது என்ன வகை என்று கேட்டால், 'ஆப்ஜெக்ட்', அதாவது ஒரு பொருள் என்று பதில் வரும். தேதியை 1 முதல் எண்ணும் இந்தப் பாஷை மாதத்தை 0 முதல் எண்ணும். டிசம்பர் 11-ஆவது மாதம். ஜாவாவிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்ட வழக்கம் இது. இவை பிறவி மச்சங்கள், தெரிந்துகொண்டால் தீங்கில்லை.

சில குற்றச்சாட்டுகள் அநியாயமானவை. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்கிறதே என்பார்கள். நாம் மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 3-கள் முடிவில்லாமல் நீளுகின்றன அல்லவா? 0, 1 என்ற இரண்டே இலக்கங்களை அறிந்த யந்திரத்துக்குப் பத்தில் ஒன்று அப்படித்தான். வேறு பல கம்ப்யூட்டர் பாஷைகளும் இதே விடையைத்தான் தருகின்றன.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. எழுத்தாக எழுதிய '5'-உடன் 2 என்ற எண்ணைக் கூட்டினால் இந்தப் பாஷை '52' என்கிறது. அதே '5'-இலிருந்து 2-ஐக் கழித்தால் 3 என்கிறது. 1, 9, 10 என்ற எண்களை வரிசைப்படுத்தச் சொன்னால், அகராதிக்காரனைப் போல முதல் எழுத்தைப் பார்த்து 1, 10, 9 என்று அடுக்குகிறது. கற்றுக்குட்டி எழுதினாலும் பக்கம் நின்றுவிடக் கூடாது என்ற கருணைதான் இதற்கெல்லாம் வேர். ஆனால் சந்தேகம் வந்தபோது எஜமானைக் கேட்காமல் தானே ஊகித்து எழுதும் குமாஸ்தா எத்தனை நல்லவனாயிருந்தும் என்ன பயன்? கடைக் கணக்கில் ஏழு ரூபாய் ஐம்பத்திரண்டு ரூபாயாகும். எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது.

பின் ஏன் திருத்தவில்லை? 'நல்' விஷயத்தைச் சரிசெய்ய ஒரு யோசனை எழுந்தது. பழைய பக்கங்கள் உடையும் என்று கைவிட்டார்கள். 2018-இல் புதிய வசதி ஒன்றுக்கு 'ஃப்ளாட்டன்' என்று பெயரிடப் போனபோது, மூடூல்ஸ் என்ற பழைய நிரல்தொகுப்பை நம்பிய பக்கங்கள் கெடும் என்று தெரிந்தது. 'ஃப்ளாட்' என்று பெயரைச் சுருக்கினார்கள். கருணையால் வந்த குறைக்கும் மாற்று வழி ஒன்று தந்தார்கள். பழைய ஒப்பீட்டுக் குறியான இரட்டைச் சமக்குறியை அழிக்காமல், 1999-இல் வந்த மூன்றாம் பதிப்பில், ஊகம் செய்யாத மும்மைச் சமக்குறியைப் பக்கத்தில் வைத்தார்கள்.

நம் இலக்கணக்காரர்களுக்கு இது புதிதல்ல. 'இல்முன்' என்பது முன்பின்னாகி 'முன்றில்' ஆனபோது அவர்கள் அதைப் பிழையென்று தள்ளவில்லை. இலக்கணப் போலி என்று பெயர் சூட்டி உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். வழங்கிவிட்ட சொல்லை நம்பியிருப்பவர்களைக் கைவிடாத நேர்மை அது. ஜாவாஸ்கிரிப்டின் மச்சங்களை நான் அந்தக் கணக்கில் மன்னித்துவிடுவேன். அதன் கருணையை மட்டும் மன்னிக்க மனம் வரவில்லை.