ஃபிளமேங்கோவுக்கு அப்பால்: ஸ்பானிய நடனத்தின் நான்கு கிளைகள்

ஸ்பானிய நடனம் என்றதும் கிதார் இசையும் தரையை அதிரவைக்கும் குதிகாலுமாக ஃபிளமேங்கோதான் கண்முன் வருகிறது. ஸ்பெயினில் நடனம் பயில்பவர்களுக்கோ அது நான்கில் ஒன்று. மற்றவை எஸ்குவேலா பொலேரா, வட்டார நாட்டுப்புற ஆடல்கள், இவற்றையெல்லாம் மேடைக்கெனச் செதுக்கிக்கொண்ட தன்சா எஸ்டிலிசாதா. இந்த நால்வகைப் பகுப்பை வலியுறுத்திக் கற்பித்தவர்களில் முதன்மையானவர் மரியெம்மா (1917–2008).

ஆடுபவரின் காலைப் பார்த்தே பெரும்பாலும் கிளையைச் சொல்லிவிடலாம். எஸ்குவேலா பொலேராவுக்குப் பாலே கலைஞர்களின் மெல்லிய செருப்பு. ஹோட்டா என்ற நாட்டுப்புற ஆடலுக்குக் கயிற்றால் அடி பின்னிய துணிச்செருப்பு. ஃபிளமேங்கோவுக்கு முனையிலும் குதியிலும் ஆணி அறைந்த காலணி.

எஸ்குவேலா பொலேரா 18ஆம் நூற்றாண்டில் உருவானது. செகிடில்லா போன்ற நாட்டு ஆடல்கள் பாலே ஆசான்களின் பயிற்சிமுறையோடு கலந்தபோது பிறந்த நுட்பமான கலை இது. 1836இல் பாரிஸ் மேடையில் பாலே கலைஞர் ஃபானி எல்ஸ்லர் ஆடிய கச்சூச்சா என்ற ஸ்பானிய ஆடல் ஐரோப்பாவையே மயக்கியது. எஸ்குவேலா பொலேராவின் கடினம் கையில் இருக்கிறது. கட்டைவிரலில் கட்டிய காஸ்டனெட் என்னும் தாளக்கட்டைகளில் வலக்கையில் இருப்பது சற்று உயர்ந்த சுருதி; அதைப் 'பெண்' என்பார்கள். இடக்கையில் இருப்பது 'ஆண்'. வலக்கையின் சுண்டுவிரலில் தொடங்கிச் சுட்டுவிரல்வரை நான்கு விரல்களும் அடுத்தடுத்து விழுந்து ஓர் உருட்டொலி எழுப்ப, இடக்கை ஒற்றை அடி கொடுக்கும். கால்கள் அந்தரத்தில் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும்போதும் அந்த உருட்டு பிசகக் கூடாது, கைகளின் வளைவும் குலையக் கூடாது. செவில்லாவின் பெரிசெத் குடும்பத்தார் இந்தக் கலையைப் பாடமுறையாக வகுத்துத் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்திராவிட்டால் இன்று நமக்குக் கிடைத்திருப்பது மிகக் குறைவு.

நாட்டுப்புற ஆடல்கள் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். அரகோனின் ஹோட்டா துள்ளலும் வேகமும் கொண்டது. கலீசியாவின் முயிஞெய்ராவுக்குத் துருத்திக்குழல் துணை. கட்டலோனியாவின் சர்தானாவில் கைகோத்த வட்டத்தில் யாரும் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் குட்டை அடிகளையும் நெட்டை அடிகளையும் இசை முடியும் இடத்தில் சரியாக முடியும்படி ஒருவர் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஃபிளமேங்கோ ஆந்தலூசியாவில், பெரிதும் கித்தானோ எனப்படும் ரோமா மக்களிடையே வளர்ந்து, 19ஆம் நூற்றாண்டின் பாட்டு விடுதிகளில் மேடையேறியது. சொலேயா என்ற ஃபிளமேங்கோ வகையில் ஒரு தாளச் சுற்றுக்கு 12 எண்ணிக்கைகள். அழுத்தம் 3, 6, 8, 10, 12இல் விழும். பாடகர் வரி பாடும்போது ஆடுபவர் அடங்கி நிற்பார். பிறகு ஓங்கிய காலடியால் அடுத்த பகுதியை அழைப்பார். ஃபிளமேங்கோ கலைஞர் கார்மென் அமாயா கால்சட்டை அணிந்து ஆடி, காலடி வேகம் ஆண்களுக்கே உரியது என்ற எண்ணத்தை உடைத்தார். 2010இல் யுனெஸ்கோ ஃபிளமேங்கோவை மானுடத்தின் கலாசார மரபாக அறிவித்தது.

நான்காவது கிளையான தன்சா எஸ்டிலிசாதாவுக்கு உயிர் கொடுத்தவர் 'லா அர்ஹென்தீனா' என அறியப்பட்ட அந்தோனியா மெர்சே. இசையமைப்பாளர் மானுவேல் தெ ஃபாயாவின் 'எல் அமோர் புருஹோ'வை 1925இல் பாரிஸில் முழு பாலேயாக ஆடிக்காட்டினார். டோக்கியோவில் அவரைக் கண்ட இளைஞர் கசுவோ ஓனோ, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து 1977இல் அவர் நினைவாகவே புத்தோ என்ற ஜப்பானிய பாணியில் ஒரு நடனம் படைத்தார். 1978இல் தொடங்கிய ஸ்பெயின் தேசிய பாலேவின் முதல் இயக்குநர் அந்தோனியோ காதெஸும் ஃபிளமேங்கோவை நாடகமாக விரித்தவர்தான்.

ஸ்பெயினின் 2007ஆம் ஆண்டு அரசாணைப்படி, தொழில்முறை நடனக் கல்வியில் ஃபிளமேங்கோ தனிப் பாடப்பிரிவு. 'ஸ்பானிய நடனம்' இன்னொன்று. ஃபிளமேங்கோவுக்கு உலகெங்கும் அரங்குகள் உண்டு, அது தானாகப் பிழைத்துக்கொள்ளும். எஸ்குவேலா பொலேராவுக்கு வகுப்பறையும் ஒருசில குழுக்களும்தான் புகலிடம். ஸ்பானிய நடன நிகழ்ச்சி எதையேனும் காண வாய்த்தால், அதில் பொலேரா ஆடல் ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டு, அதை முதலில் பாருங்கள்.