பாட்டுக்கு இரையான நாடகம்

சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களைப் பற்றி இப்போது பேசுகிறவர்களிடையே ஒரு வாதம் வேரூன்றி வருகிறது. ஒத்திகை என்பதே இல்லாமல், வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து இறங்கிய ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் அன்றிரவு மேடையிலேயே ஒன்றுகூடி, அவரவர் பாடம் செய்து வைத்திருக்கும் பாட்டுக்களை அவரவர் குரலுக்கும் சபையின் விருப்பத்துக்கும் தக்கபடி கூட்டியும் குறைத்தும் மாற்றியும் பாடி, பொழுது விடியும்வரை வள்ளி திருமணத்தையோ பவளக்கொடியையோ நடத்தி முடித்துவிடுகிற ஸ்பெஷல் நாடக முறையே சுவாமிகளின் மேதைக்குத் தலைசிறந்த சாட்சி என்றும், நடிகனுக்கு இத்தனை சுதந்திரம் அளித்த நாடகாசிரியர் வேறொருவர் இல்லை என்றும் கூறுகிறார்கள். கற்றவர்கள் கூறுகிறார்கள், மேடையை உள்ளன்போடு நேசிப்பவர்களும் கூறுகிறார்கள். இந்த அபிப்பிராயம் முற்றிலும் பிழையானது என்பது என் துணிபு. சுவாமிகளின் நாடகங்களுக்கு எது தீராத கேடாக வந்து வாய்த்ததோ, அதையே அவருடைய கீர்த்தி என்று இவர்கள் போற்றுகிறார்கள்.

அவருடைய பெருமையை மறுப்பதற்காக இதை எழுதவில்லை. 1867இல் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பும் சந்தமும் கற்று, கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் நிழலில் லயத்தின் நுட்பங்களை அறிந்து, அந்தச் செல்வம் முழுவதையும் புலவர்கள் திரும்பியும் பாராத நாடகக் கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கொட்டியவர் அவர். வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருந்த மேடைக்கு எழுதப்பட்ட வசனத்தைக் கொடுத்தார். வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் பாமர ஜனங்களின் செவியில் ஏறும்படி செய்தார். அவருடைய சாஹித்தியத்தில் சொல் தாளத்தோடு மல்லுக்கு நிற்பதில்லை. வல்லெழுத்து விழவேண்டிய இடத்தில் தாளத்தின் தட்டு விழுகிறது. நெடில் நீளவேண்டிய இடத்தில் ராகம் நீள இடமிருக்கிறது. எழுத்தறியாத நடிகன்கூட ஒருமுறை கேட்டால் பாடம் செய்துவிடக்கூடிய பாட்டு அது. மொழியையும் லயத்தையும் இவ்வளவு இசைவாகப் பிணைத்தவர்கள் தமிழ் மேடையில் மிகச் சிலரே.

ஆயினும் பாட்டு நன்றாக இருப்பது ஒன்று. நாடகத்தில் அந்தப் பாட்டு செய்யவேண்டிய காரியத்தைச் செய்வது மற்றொன்று. நெடுங்காலமாக என் நெஞ்சில் இருந்துவரும் ஆட்சேபம் இந்த இரண்டாவதைப் பற்றியது.

சத்தியவான் சாவித்திரியை எடுத்துக்கொள்வோம். காட்டில் கணவன் சாய்ந்துவிட்டான். அவன் தலை அவள் மடிமேல் கிடக்கிறது. பாசக்கயிற்றோடு எமன் வந்து நிற்கிறான். மேடையில் வழக்கமாக நடப்பது என்ன? முதலில் ஒரு விருத்தம். தாளக்கட்டு இல்லாமல் மூச்சோடு ஏறி மூச்சோடு இறங்கும் விருத்தம் துயரத்துக்கு ஏற்றதே. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. அதன்பின் மிருதங்கம் தொடங்குகிறது, கீர்த்தனை பிறக்கிறது. பல்லவி எழுகிறது, அனுபல்லவி மேலே சென்று பல்லவிக்கே திரும்புகிறது, முதற் சரணம், மறுபடியும் பல்லவி, இரண்டாம் சரணம், மறுபடியும் பல்லவி. இடையிடையே ஆர்மோனியக்காரர் பின்பாட்டுப் பாடி, நடிகை விட்ட இடத்தில் தாம் எடுத்துக்கொண்டு, அவள் மூச்சு வாங்கிக்கொள்ள அவகாசம் தருகிறார். கொட்டகையின் பின்வரிசையிலிருந்து ‘ஒன்ஸ்மோர்’ என்ற கூக்குரல் எழுகிறது. பாட்டு முதலிலிருந்து தொடங்குகிறது. அவ்வளவு நேரமும் எமன் கயிற்றைக் கையில் பிடித்தபடி ஓரமாக நிற்கிறான். காலம் தப்பாதவன் என்று உலகம் அஞ்சும் காலனே ஒரு பல்லவி முடிவதற்காகக் காத்து நிற்கும்போது, அங்கே மரணம் ஏது, அதை எதிர்த்து நிற்கும் கற்பின் திண்மை ஏது? சபையோர் ரசித்தது சாவித்திரியின் துயரத்தை அல்ல, பாடியவளுடைய சாரீரத்தை.

இதை நடிகர்களின் குற்றம் என்று தள்ளிவிடுவது எளிது. பலரும் அப்படித்தான் தள்ளிவிடுகிறார்கள். குற்றத்தின் வேர் கீர்த்தனை என்னும் உருவத்திலேயே இருக்கிறது. அது பக்திக்குப் பிறந்த உருவம். பக்தன் சொல்லவேண்டியது ஒன்றே ஒன்று. எத்தனை சரணங்களில் எங்கெங்கு சஞ்சரித்தாலும் அந்த ஒன்றுக்கே திரும்பி வருவதுதான் பக்தியின் லக்ஷணம். நாடகப் பாத்திரத்தின் தர்மமோ வேறு. தொடங்கிய இடத்துக்கு அது திரும்பக்கூடாது. பாடி முடித்த சாவித்திரி பாடத் தொடங்கிய சாவித்திரியாகவே இருப்பாளானால், அந்தப் பாட்டினால் நாடகத்துக்கு விளைந்த பயன் யாதுமில்லை.

இராம நாடகத்தையும் நந்தனார் சரித்திரத்தையும் காட்டி, தமிழில் நாடகம் என்பதே கீர்த்தனை மரபு அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. அருணாசலக் கவிராயரும் கோபாலகிருஷ்ண பாரதியாரும் எழுதியவற்றைத் தமிழுலகம் நிலைநிறுத்திக்கொண்டது பெரிதும் காலட்சேப மேடையில்தான். அங்கே பாகவதர் ஒருவரே நின்று கதையைச் சொல்லுகிறார். சீதையாகவும் அவரே பாடுகிறார், இராவணனாகவும் அவரே பாடுகிறார். பாத்திரத்துக்குள் புகுந்தும் அதைவிட்டு வெளியே வந்தும், பல்லவியிலேயே சற்று நின்று பொருளை விரித்தும், பிறகு கதையைத் தாமே இழுத்துக்கொண்டு முன்னே செல்கிறார். கதை நின்றால் அதை நகர்த்த அவர் இருக்கிறார். பாத்திரங்களே நேரில் வந்து நிற்கும் மேடையில் அப்படி நகர்த்துவோர் எவருமில்லை. ஒரு மேடைக்கு உயிரூட்டிய உருவம் மற்றொரு மேடைக்குச் சுமையாகிவிட்டது என்பதைச் சுவாமிகள் உணர்ந்திருந்தால், அவருடைய நாடகங்களின் கதியே வேறாக இருந்திருக்கும்.

மெட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். பார்சி நாடகக் கம்பெனிகள் சென்னைப் பக்கம் வந்துபோன பிறகு, அவர்களுடைய துள்ளல் மெட்டுக்கள் தமிழ் மேடையைப் பற்றிக்கொண்டன. மராத்தி, ஹிந்துஸ்தானி மெட்டுக்களும் உடன் வந்தன. அந்நாளைய நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் போடப்பட்டிருப்பதோடு, இன்ன பாட்டின் மெட்டு என்றும் குறித்திருப்பதைப் பார்க்கலாம். அதாவது மெட்டு முன்னரே பிறந்து, ஊரெங்கும் பாடப்பட்டு, ஜனங்களின் காதில் பழகிப்போயிருக்கிறது. பாத்திரமும் சந்தர்ப்பமும் அதற்குப் பின்னால் வந்து சேருகின்றன. அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவருடைய சீடர் டி.கே. சண்முகம் வியந்து கூறியிருக்கிறார், கேட்போரும் வியக்கிறார்கள். வியப்பதற்குரிய ஆற்றல்தான், சந்தேகமில்லை. ஆனால் ஓரிரவில் ஒரு நாடகம் முழுவதையும் பாட்டும் வசனமுமாகப் பாடிக் குவிக்கிற புலவருக்கு, இந்தப் பிள்ளையின் வீரத்துக்கென்று, இந்தத் தாயின் அச்சத்துக்கென்று, தனியே ஒரு நாதத்தைத் தேடிக் காண நேரம் ஏது? கைவசம் இருந்த மெட்டுக்களே கைகொடுத்தன. அதனாலேயே ஒரு நாடகத்துக் கதாநாயகி பாடுவதை மற்றொரு நாடகத்துக் கதாநாயகியின் வாயில் கொண்டுபோய் வைத்தாலும் பெரிதாக எதுவும் கெட்டுவிடுவதில்லை.

இங்கேதான் ஸ்பெஷல் நாடக முறையின் பிறப்பிடம் இருக்கிறது. தன் காட்சியில் வேரூன்றாத பாட்டை எவரும் பிடுங்கி எடுக்கலாம். பிடுங்கிய குழியில் வேறொன்றை நடலாம். கிட்டப்பாவின் கந்தர்வக் குரலும் கே.பி. சுந்தராம்பாளின் கம்பீரமும் வேலனும் வள்ளியுமாக மேடையில் எதிர்ப்பட்டபோது, ஜனங்கள் திரண்டது தினைப்புனத்துக் கதைக்காகவா? அந்த இருவரும் மகா கலைஞர்கள். அவர்களுடைய சங்கீதத்தை நாள் முழுதும் கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை. ஆனால் அவர்கள் அங்கே நடத்தியது கச்சேரி. வேடனாகவும் விருத்தனாகவும் முருகன் வந்து பேதைப் பெண்ணை மயக்குவதும், அவள் மறுப்பதும் மருளுவதும் ஆகிய அந்த அருமையான கதை, இரண்டு சாரீரங்களின் போட்டிக்கு ஒரு சாக்காகச் சுருங்கிப்போயிற்று. மகா கலைஞர்கள் போனபின் எஞ்சியது சாக்கு மட்டுமே. பின்வந்தவர்கள் அதில் சினிமாப் பாட்டையும் கொண்டுவந்து புகுத்தினார்கள். புகுத்த முடிந்தது என்பதையே சுதந்திரம் என்று இன்று விளக்கம் சொல்கிறோம்.

சுவாமிகளால் வேறு விதமாகச் செய்ய முடிந்திராது என்று எவரும் எண்ணவேண்டாம். அவருடைய தர்க்கப் பாட்டுக்களே அதற்கு மறுப்பு. சாவித்திரியும் எமனும் வாதிடுகையில், வள்ளியும் நாரதரும் சொல்லுக்குச் சொல் மோதுகையில், ஒருவர் அடியின் ஈற்றை மற்றவர் பற்றிக்கொள்ள, வினாவிலிருந்து விடையும் விடையிலிருந்து அடுத்த வினாவும் கிளைக்க, பாட்டு பின்னோக்கிச் செல்லாமல் முன்னோக்கியே பாய்கிறது. அங்கே இசை நாடகத்துக்கு அடிமையுமல்ல, எஜமானுமல்ல, இரண்டும் ஒன்று. ஒரே ஒரு வரியை அங்கிருந்து உருவினாலும் அடுத்த வரி நிற்க முடியாமல் விழுந்துவிடும். எமன் வேஷத்தில் தாமே நின்று சபையை நடுங்கவைத்தவர் எழுதிய எமனல்லவா! இந்தத் திறம் கைவரப் பெற்றவர் தம் நாடகங்களின் பெரும்பகுதியைத் தனித்தனிக் கீர்த்தனைகளுக்குத் தத்தம் செய்துவிட்டாரே என்பதுதான் என் ஆற்றாமை. இதை வேடிக்கை என்று சொல்வதற்கில்லை, வேதனை என்றே சொல்லவேண்டும்: ஸ்பெஷல் மேடையில் இன்று அந்தத் தர்க்கமும் எழுதியபடி நடப்பதில்லை, ஒருவரையொருவர் வாயடைக்கச் செய்யும் சாமர்த்தியப் போட்டியாக நீண்டு, நாரதர் எதற்காக வந்தார் என்பதே மறந்துபோகிறது.

இந்த முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படுவனவற்றுள் வலிமையான வாதம் ஒன்றே. அது விசுவநாததாஸ். முருகன் வேஷம் தரித்து வள்ளி திருமணத்தில் நின்றுகொண்டு, தினைப்புனத்துப் பறவைகளைப் பாடும் இடத்தில் வெள்ளைக் கொக்கைப் பாடுவதுபோல வெள்ளையர் ஆட்சியைச் சாடி, அதற்காகத் திரும்பத் திரும்பச் சிறை சென்று, 1940ஆம் ஆண்டின் கடைசி நாளில் அதே வேஷத்தோடு சென்னை மேடையில் உயிர்நீத்த அந்தத் தியாகியை நினைத்தால் எவருக்கும் கை தானே குவியும். பாட்டை மாற்றும் சுதந்திரம் இல்லாதிருந்தால் இது நடந்திருக்குமா என்று கேட்கிறார்கள். நடந்திராது. ஆயினும் அவர் செய்தது தேசத்துக்குச் செய்த தொண்டு. அதற்குரிய பெருமை அவருடைய துணிவைச் சேர்ந்தது, அந்த நாடக வடிவத்தைச் சேர்ந்ததன்று. வாசல் திறந்தே கிடந்த வீட்டுக்குள் ஒருநாள் ஒரு மகான் வந்தார் என்பதால், கதவே வேண்டாம் என்று முடிவு கட்டலாமா? அந்த வாசல் வழியாகவே எத்தனையோ ஆபாசமும் அபத்தமும் இரவுதோறும் நுழைந்திருக்கின்றன. அவற்றை எண்ணுவார் இல்லை.

பேசும்படம் வந்தபோதும் மேடையின் இந்தப் பழக்கமே உடன் சென்றது. 1934இல் தியாகராஜ பாகவதரை வைத்து எடுத்த பவளக்கொடியில் ஏறத்தாழ ஐம்பது பாட்டுக்கள். பாட்டு வந்ததும் கதை நின்றுவிடுவதைத் தமிழ் ரசிகன் இயற்கையென்று ஏற்றுக்கொள்ளும்படி பழக்கியது எது என்பதைச் சினிமாவின் மேல் மட்டும் பழிபோடுகிறவர்கள் யோசிக்கவேண்டும்.

சுதந்திரவாதிகள் ஒரு விஷயத்துக்கு விடை சொல்வதே இல்லை. சுவாமிகள் தம் வாழ்வின் இறுதிக் காலத்தில், 1918இல், மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஏன் தொடங்கினார்? வயதுவந்த நடிகர்களுடைய கட்டுப்பாடின்மையைக் கண்டு மனம் கசந்தே அவர் சிறுவர்களை நாடினார். எழுதியதை எழுதியபடி சொல்லவும், குறித்த இடத்தில் நிற்கவும், மற்றவன் பேசுகையில் வாயடக்கிக் கேட்கவும் அந்தப் பிள்ளைகளை அவர் பழக்கினார். நடிகன் தன் மனம்போனபடி பாடுவதைத் தம் நாடகத்தின் சிறப்பென்று அவர் கருதியிருந்தால், பால்மணம் மாறாத பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு இரவும் பகலும் பாடம் சொல்லியிருக்கமாட்டார். சிதறிப்போகும் நாடகத்தைக் கட்டிவைக்க அவர் முயன்றார். அதைச் சிதறடித்த சக்தி தம் கீர்த்தனைகளுக்குள்ளேயே இருந்தது என்பதை மட்டும் அவர் காணவில்லை. 1922இல் புதுச்சேரியில் அவர் மறைந்தபோது சபைக்கு வயது நான்கே.

அந்தச் சபையில் ஆறு வயதில் சேர்ந்த சண்முகமும் அவருடைய சகோதரர்களும் பின்னாளில் தங்களுக்கென்று சொந்தக் குழு நடத்தியபோது, ஆசான் கற்பித்த ஒழுங்கை அணுவளவும் விடாமல் வைத்துக்கொண்டார்கள், பாட்டையோ குறைத்தார்கள். குமாஸ்தாவின் பெண் நாடகத்தை வசனத்தின் பலத்தில் நடத்தினார்கள். ஔவையார் நாடகத்தில் பாட்டை வைத்தபோதும் அந்தக் கிழவியின் வாக்காகவே அதை வைத்தார்கள். சுவாமிகளின் பெயரைச் சொல்லாமல் அவர்கள் மேடையேறியதில்லை. ஆசானின் பெருமைக்கு ஊறு செய்கிறோம் என்று அவர்கள் ஒரு கணமும் எண்ணியதாகத் தெரியவில்லை.