புளியிலைக் கரை யாருடையது?

ஓணம் நெருங்கும்போது திருவனந்தபுரத்துக் கரமனைப் பக்கத்து ஜவுளிக்கடைகளில் வெள்ளையும் பொன்னும் முன்வரிசைக்கு வந்துவிடும். ஒரே அகலக் கசவுக் கரை போட்ட இரண்டு சேலைகளை அருகருகே விரித்தால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. புரட்டிப் பார்க்க வேண்டும். விசைத்தறிச் சேலையில் பூவேலையின் பின்பக்கம் நூல்கள் வெட்டுப்பட்டுப் பிசிறாக நிற்கும். பாலராமபுரத்துக் குழித்தறியில் நெய்ததில் இரு பக்கமும் ஒரே முகம். விலையோ பல மடங்கு வேறு. கரை ஒன்றுதானே, ஏன் அதிகம் கொடுக்க வேண்டும் என்று வாங்குபவர் கேட்டால் விற்பனையாளர் பதில் சொல்லத் தடுமாறுகிறார். அந்தக் கேள்விக்குச் சட்டம் என்ன பதில் வைத்திருக்கிறது என்பதே இங்கே என் அக்கறை.

கரமனைப் பாலத்திலிருந்து பாப்பனங்கோடு, நேமம் வழியாகத் தெற்கே போனால் பத்துப் பதினொரு கிலோமீட்டரில் பாலராமபுரம். திருவிதாங்கூரில் 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மாவின் பெயர் தாங்கிய ஊர். அவர் காலத்தில் குடியமர்த்தப்பட்ட தமிழ்ச் சாலியர் குடும்பங்களே இந்த நெசவின் வேர். ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு என்று அவர்கள் தெருக்களுக்கு இன்றும் பெயர். வெயில் ஏறுமுன் பாவு நூலைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, நூலோடு நூல் ஒட்டாதபடி தூரிகையால் நீவி உலர்த்தும் பாவாற்றும் வேலை இங்கே கூட்டு உழைப்பு. ஒருவர் வீட்டுப் பாவுக்கு நாலு வீட்டார் கை கொடுத்தாக வேண்டும். அதன்பின் குழியில் காலிறக்கி உட்கார்ந்து, நாடாவைக் கையாலேயே எறிந்து பிடித்து நெய்வது. புளியிலைக் கரை என்ற மெல்லிய கோட்டுக் கரை இந்தத் தறிகளில் தலைமுறைகளாக வருவது. அதை முதலில் நெய்தவர் யாரென்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தக் கரைக்குப் பதிப்புரிமை வாங்கிவிட்டால் போலிகள் ஒழியும் என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள் உண்டு. அந்த வழி நெசவாளரைக் காக்காது என்பதே என் கருத்து. 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் புதிதான, முன்பு வெளிவராத வடிவத்துக்கு மட்டுமே பதிவு கிடைக்கும். பத்து ஆண்டு, நீட்டித்தால் மேலும் ஐந்து. புளியிலைக் கரை அந்த வாசலிலேயே நின்றுவிடும். பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இன்னும் கறாரானது. வடிவமைப்பாகப் பதிவுசெய்யத் தக்க ஒன்றைப் பதிவுசெய்யாமல் விட்டு, அதைப் போட்ட பொருளைத் தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் உருவாக்கினால், அந்த வடிவத்தின் மீதான பதிப்புரிமை போய்விடும்.

ஒரு நெசவாளர் புதிதாகவே ஒரு கரையைக் கற்பனை செய்தார் என்று வைத்துக்கொள்வோம். நூல் கொடுத்து, கூலி கொடுத்து நெய்யச் சொன்னவர் மாஸ்டர் வீவர் என்றால் அந்த வடிவமைப்புக்கு உரிமையாளர் அவர்தான். கைம்மாறு பெற்று இன்னொருவருக்காகச் செய்த வடிவம் செய்யச் சொன்னவருக்கே சொந்தம் என்று அதே 2000ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கூலிக்கு நெய்யும் ஊரில் வடிவத்துக்குப் பூட்டுப் போட்டால் சாவி முதலாளியின் இடுப்பில்தான் தொங்கும். பக்கத்து வீட்டுச் சாலியர் அதே கரையை நெய்தால் அவர் மேலேயே வழக்கு வரும்.

ஸ்காட்லாந்தின் டார்ட்டன் கட்டங்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. 1746இல் சட்டம் போட்டு மலைநாட்டு ஆண்களுக்கு மறுக்கப்பட்ட உடை அது. 1782இல் தடை நீங்கியது. இப்போது 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு ஆவணக் காப்பகம் டார்ட்டன் பதிவேடு வைத்திருக்கிறது. ஆனால் அதில் ஏறுவதால் மட்டும் யாருக்கும் தனியுரிமை பிறப்பதில்லை. அது அடையாள ஆவணம், அவ்வளவே. மறுபுறம், பர்பெரி நிறுவனம் தன் கட்டத்தை வணிகமுத்திரையாகப் பதிந்து வழக்குகள் நடத்திக் காத்துவருகிறது. நெய்பவர்களுக்கு உண்மையாக உதவியது மூன்றாவது வழி. ஹாரிஸ் ட்வீட் துணிக்கான 1993ஆம் ஆண்டுச் சட்டம் எந்தக் கட்டத்தையும் கோட்டையும் பூட்டவில்லை. வெளி ஹெப்ரிடீஸ் தீவுவாசிகள் தங்கள் வீட்டில் கையால் நெய்ததற்கே அந்தப் பெயர் என்றது. வடிவம் எல்லோருக்கும் பொது. நெய்த முறையும் நெய்த இடமும் காவலுக்குள்.

நம் புவிசார் குறியீடு இந்த மூன்றாவது வழியைச் சேர்ந்தது. 1999இல் இயற்றப்பட்ட சட்டம் 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பதிவகம் சென்னை கிண்டியில். பாலராமபுரம் சேலைகளும் மென்பருத்தித் துணிகளும் 2009-10இல் அந்தப் பதிவேட்டில் ஏறின. இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 24ஆம் பிரிவு. இந்தக் குறியீட்டை விற்கவோ, அடகு வைக்கவோ, உரிமம் கொடுத்துக் கைமாற்றவோ முடியாது. எவ்வளவு பணம் வைத்திருக்கும் நிறுவனமும் பாலராமபுரம் என்ற பெயரை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள வழியில்லை. சொத்துரிமைச் சட்டங்களில் இது அபூர்வமான நேர்மை.

குறை தொடங்குவது கடையில்தான். காவல் இருப்பது பெயருக்கு. அந்தப் பெயரைச் சொல்லாமலே விற்பவரை அது எளிதில் தொடாது. ‘கேரளா கசவு சேலை’ என்று சீட்டு ஒட்டினால் போதும். பொருளை முன்வைக்கும் விதமே பிறப்பிடம் பற்றி ஏமாற்றினாலும் உரிமை மீறல் என்று சட்டம் சொல்கிறதுதான், ஆனால் அதை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியவர் யார்? 2025இல் பிராடா நிறுவனம் புவிசார் குறியீடு பெற்ற கோலாப்பூர் செருப்பைப் போன்ற ஒன்றை மிலானில் மேடையேற்றியபோது மும்பை உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள். குறியீட்டின் உரிமையாளர்களே வராமல் மற்றவர் வழக்காட முடியாது என்று அது தள்ளுபடியானது. பொய்க் குறியீட்டுக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் சோதனையிட வரும் காவல் அதிகாரி டிஎஸ்பி தரத்துக்குக் குறையாதவராக இருக்க வேண்டும், முன்கூட்டியே பதிவாளரின் கருத்தையும் கேட்டிருக்க வேண்டும். ஓண வியாபாரம் சில வாரங்களில் முடிந்துவிடும். கடிதம் கிண்டிக்குப் போய்த் திரும்புவதற்குள் போலிச் சேலை விற்று, உடுத்தி, துவைத்தும் ஆகியிருக்கும்.

குறியீட்டுக்கு வெளியே, சேலையையும் வேட்டியையும் குறிப்பிட்ட வகைகளில் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. அதன் பட்டியலில் 22 பொருள்கள் இருந்தன. பிறகு 11 ஆகச் சுருங்கின. 2006இல் வந்த கைத்தறி முத்திரை விருப்பப்பட்டவர் ஒட்டிக்கொள்வது. ஒட்டாதவரை அது எதுவும் கேட்பதில்லை.

ஆகவே கரையைப் பூட்டச் சொல்லும் கோரிக்கையை விட்டுவிட்டு, துணி எந்தத் தறியில் வந்தது என்று எழுதும் கடமையை விற்பவர் மேல் சுமத்தச் சொல்ல வேண்டும். விசைத்தறிக்காரரும் உழைப்பவரே; தன் துணியைத் தன் பெயரில் விற்பதில் அவருக்கு இழுக்கில்லை. இன்னொன்றை உடனே செய்யலாம். சட்டப்படி அந்தக் குறியீட்டைத் தன் துணியில் இடும் உரிமை பதிவுபெற்ற பயன்படுத்துநருக்கே. 2020இல் விதிகளைத் திருத்தி அந்தப் பதிவுக் கட்டணத்தை 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். நெசவாளர் சங்கத்தின் பெயரோடு நிற்காமல், ஒற்றைத் தெருவிலும் இரட்டைத் தெருவிலும் தறியில் உட்காரும் ஒவ்வொருவர் பெயரும், வீட்டுப் பெண்கள் பெயர் உட்பட, அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க ஆள் அனுப்புவது கைத்தறித் துறைக்குப் பெரிய செலவில்லை. கூலி பேச உட்காரும்போது மாஸ்டர் வீவருக்கு எதிரே இருப்பவர் அந்தக் குறியீட்டை இடும் உரிமை தன் கையில் உள்ளவராக இருப்பார்.