இல்லத்தரசி, 49: ஒரு நாட்குறிப்பும் சர்க்கரைக் கணக்கும்

பெண்கள் எழுதிய நாட்குறிப்பு என்றதும் நம் விமர்சகர்கள் பலருக்கு ஒரு சலிப்பு வந்துவிடும். பண்டிகைக்கு என்ன பலகாரம் செய்தோம், நாய்க்கு உடம்பு சரியில்லை, வெண்ணெய் கிடைக்கவில்லை, ராத்திரிச் செய்தியில் என்ன சொன்னார்கள்: இதெல்லாம் இலக்கியமா, வரலாறா என்று கேட்பார்கள். 'அடுப்படிச் சமாசாரம்' என்ற ஒரு சொல்லில் பேச்சு முடிந்துபோகும். அந்தச் சலிப்புக்குப் பதில் சொல்ல என் கையில் இருக்கும் நல்ல புத்தகம் இங்கிலாந்தின் நெல்லா லாஸ்ட் எழுதிய போர்க்கால நாட்குறிப்பு. அதை வாசித்தவர்கள் பெரும்பாலும் 'ஓர் எளிய பெண்ணின் மன உறுதி' என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பாராட்டும் எனக்கு ஒப்பவில்லை.

நெல்லா, பாரோ-இன்-ஃபர்னஸ் என்ற கப்பல் கட்டும் ஊரில் வாழ்ந்தவர். கணவர் வில், தச்சுவேலையும் கடைகளுக்கு மர அலங்கார வேலையும் செய்தவர். இரண்டு மகன்கள்: ஆர்தர், கிளிஃப். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியபோது நெல்லாவுக்கு 49 வயது. அப்போது 'மாஸ் அப்சர்வேஷன்' என்ற அமைப்பு சாதாரண மக்களிடம் நாட்குறிப்பு எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொண்டிருந்தது. டாம் ஹாரிசன், கவிஞர் சார்ல்ஸ் மேட்ஜ், படமெடுப்பவரான ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ் மூவரும் 1937இல் தொடங்கிய அமைப்பு அது. எழுதுபவரின் தொழிலும் வயதும்தான் அதற்கு அடையாளம். ஆகவே நெல்லா அங்கே 'இல்லத்தரசி, 49'. போர்க்காலத்தில் மட்டும் அவர் சுமார் 20 லட்சம் சொற்கள் எழுதினார் என்பார்கள். வேலையெல்லாம் முடித்து, வீடு அடங்கிய பிறகு எழுதியவை அவை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த எழுத்தைக் கேட்டு வாங்கியவர்களுக்கு அது வெறும் அடுப்படிச் சமாசாரமாகத் தெரியவில்லை. மக்களின் மனநிலை எப்படி இருக்கிறது என்று அறிய, 1940இல் பிரிட்டிஷ் தகவல் அமைச்சகமே மாஸ் அப்சர்வேஷனின் அறிக்கைகளைக் காசு கொடுத்து வாங்கியது. கடை வரிசையில் நிற்கும் பெண்கள் என்ன முணுமுணுக்கிறார்கள் என்பது ஓர் அரசு போர் நடத்தத் தேவையான தகவலாக இருந்தது. இலக்கியப் பத்திரிகைக்கு அற்பமாகப் படுவது அமைச்சகத்துக்கு அற்பமாகப் படவில்லை!

இனி சர்க்கரைக்கு வருவோம். 1940 ஜனவரி 8 அன்று பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை மூன்றும் பங்கீட்டுக்கு வந்தன. போர்க்காலத்தின் பெரும்பகுதியில் ஆளுக்கு வாரம் 8 அவுன்ஸ் சர்க்கரை, நம் கணக்கில் 225 கிராமுக்குச் சற்று மேல். அதே ஆண்டு ஜூலையில் தேயிலையும் சேர்ந்தது: வாரத்துக்கு 2 அவுன்ஸ். ஆகஸ்டில் கேக்கின் மேல் சர்க்கரைப் பூச்சு பூசுவதற்கே தடை வந்தது. கல்யாண வீடுகளில் அட்டையில் செய்த பொய்க் கேக்கைச் சின்னக் கேக்கின் மேல் கவிழ்த்து வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். மிட்டாய்க்கு 1942 ஜூலையில் பங்கீடு வந்தது.

இந்த எண்களைப் போர் வரலாற்றின் எந்தப் புத்தகத்திலும் பார்க்கலாம். எண்ணுக்கும் வாய்க்கும் நடுவே நடந்தது என்ன என்பதற்குத்தான் நெல்லாவிடம் போக வேண்டும். பங்கீட்டுப் புத்தகம் ஆளுக்கு ஒன்று. அரசின் கணக்கில் கணவர், மனைவி, மகன் மூவரும் சமம். ஆனால் அந்தச் சமம் வாசற்படியோடு நின்றுவிடும். உள்ளே வந்ததும் மூன்று பேர் சர்க்கரையும் ஒரே டப்பாவில் விழும். அதை யார் தேநீரில் எத்தனை கரண்டி, எவ்வளவு ஜாமுக்கு, எவ்வளவு கிறிஸ்துமஸுக்கு என்று பிரிப்பவள் ஒருத்தி. தன் பங்கைக் குறைத்துக்கொள்வதும் அவளே. ரேஷன் அட்டையில் பெயர் இருக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் நடக்கும் இந்த இரண்டாவது பங்கீட்டுக்குச் சட்டமும் இல்லை, பதிவேடும் இல்லை. நாட்குறிப்புதான் அதன் பதிவேடு.

நெல்லா இதைப் புலம்பலாக எழுதவில்லை, பெருமையாக எழுதுகிறார். பாட்டியிடம் கற்ற சிக்கனம், எஞ்சிய துண்டு இறைச்சியில் இன்னொரு வேளை, புல்வெளியைக் கொத்திப் போட்ட காய்கறி, வளர்த்த கோழிகள், பண்டிகைக்கென்று மாதக்கணக்கில் ஒதுக்கி வைத்த பொருள்கள். நம்மில் சிலருக்கு இந்தப் பெருமை சங்கடமாக இருக்கும். சமையலறை ஒரு சிறை என்று எத்தனை முறை எழுதியிருக்கிறோம்! சிறையில் இருப்பவள் சுவருக்கு இவ்வளவு அழகாகச் சுண்ணாம்பு அடித்துக் காட்டினால் என்ன சொல்வது? பெருமையை வெட்டிவிட்டுக் கோபத்தை மட்டும் எடுத்துக்கொள்வது வாசகிக்கு எளிது. நான் அதைச் செய்ய மறுப்பேன். அவருடைய கோபமும் அந்தப் பெருமையிலிருந்துதான் முளைக்கிறது.

எப்படி என்றால்: போருக்கு முன் அவர் நரம்புத் தளர்ச்சியால் உடைந்து படுத்தவர். கணவர் கொடுமைக்காரர் அல்ல. கை நீட்டுபவர் இல்லை, குடிகாரர் இல்லை. மனைவி சாயங்காலம் வீட்டில் இருக்க வேண்டும், சாப்பாடு மேசைக்கு வந்துவிட வேண்டும், வீட்டுக்கு யாரும் வராமல் இருந்தால் நல்லது, அவ்வளவுதான் அவர் எதிர்பார்ப்பு. அந்த 'அவ்வளவுதான்' ஒரு பெண்ணை முப்பது வருடத்தில் என்ன செய்யும் என்பதற்கு இந்தப் புத்தகம் சாட்சி. போர் வந்ததும் நெல்லா பெண்கள் தன்னார்வ சேவை மையத்துக்குப் போகிறார். சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்கிறார். போர்க் கைதிகளுக்குப் பொட்டலம் அனுப்பப் பணம் திரட்டும் செஞ்சிலுவைக் கடையை நடத்த உதவுகிறார். கந்தல் துணியில் பொம்மை தைக்கிறார். இவை எதுவும் அவருக்குப் புதிய வேலை இல்லை. சமையல், தையல், மிச்சம் பிடித்தல், ஆளை அனுசரித்தல்: எல்லாம் வீட்டில் செய்ததுதான். வெளியே அதைச் செய்தபோது நன்றி சொன்னார்கள், யோசனை கேட்டார்கள், அவர் வராத நாளில் தேடினார்கள். ஒரே கைத்திறன் ஓரிடத்தில் மதிக்கப்பட்டதையும் இன்னோரிடத்தில் கண்ணுக்கே படாமல் போனதையும் அவர் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு திருமணத்தைப் பற்றி அவர் எழுதும் வரிகளில் ஒரு கூர்மை வருகிறது. எந்தக் கொள்கை நூலையும் படித்து வந்த கூர்மை அல்ல அது.

இந்தப் புத்தகம் முதலில் வந்த இடமும் தற்செயல் அல்ல. ரிச்சர்ட் பிராட், சூசி ஃபிளெமிங் இருவரும் தொகுத்து 1981இல் பிரிஸ்டலின் ஃபாலிங் வால் பிரஸ் வெளியிட்டது. வீட்டு வேலைக்குக் கூலி கேட்ட இயக்கத்தின் சிறு நூல்களை எழுபதுகளில் அச்சிட்ட சின்னப் பதிப்பகம் அது. மரியரோசா டல்லா கோஸ்டா, செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெடரிச்சி எல்லோரும் அதன் பட்டியலில் உண்டு. வீட்டு வேலை வேலைதான் என்று வாதிட்ட பதிப்பகம், ஒரு சான்றாக நெல்லாவைக் கண்டெடுத்தது என்று நான் இதை வாசிக்கிறேன். (2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மாதம் 1000 ரூபாய்க்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள் அல்லவா, உதவி என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னதற்குப் பின்னால் இப்படிப்பட்ட வாதங்களின் நீண்ட பாதை இருக்கிறது. தொகை போதுமா என்பது வேறு சண்டை.)

ஆனால் 20 லட்சம் சொற்களை ஒரே புத்தகமாகச் சுருக்கும்போது என்ன நடக்கும்? கதை பிறந்துவிடும். ஒடுங்கிக் கிடந்த ஒரு பெண், போர், வெளியுலகம், விடுதலை. முதல் பதிப்பின் துணைத்தலைப்பு 'ஒரு தாயின் நாட்குறிப்பு'. பின்னால் வந்த பதிப்பில் தாய் போய் 'இல்லத்தரசி, 49' வந்தது. அந்தப் பெயரிலேயே விக்டோரியா வுட் எழுதி நடித்த தொலைக்காட்சிப் படம் 2006இல் வந்து விருதுகளும் பெற்றது. நல்ல படம்தான், வுட்டின் முகத்தில் நெல்லாவின் தயக்கம் அப்படியே இருக்கிறது. ஆனாலும் படம் ஒரு மலர்ச்சியைச் சொல்லி முடிக்க விரும்புகிறது. நாட்குறிப்புக்கு அந்த வசதி கிடையாது. மறுநாளும் பாத்திரம் கழுவ வேண்டும்.

அந்த மறுநாட்களை வாசிக்க 2008இலும் 2010இலும் பாட்ரீசியா, ராபர்ட் மால்கம்சன் தம்பதி தொகுத்த அடுத்த இரண்டு தொகுதிகளுக்குப் போக வேண்டும். போர் முடிகிறது. மையங்கள் மூடப்படுகின்றன. கிளிஃப் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சிற்பியாகிறார். வீட்டில் மறுபடியும் இருவர். கணவரின் மனச்சோர்வு கூடுகிறது. மனைவி பக்கத்தில் இல்லாவிட்டால் அவருக்கு ஆவதில்லை. விடுதலைக் கதையை விரும்பும் வாசகிக்கு இந்தத் தொகுதிகள் ஏமாற்றம். எனக்கு இவைதாம் முக்கியம்.

இவற்றில் விடுமுறை வருகிறது. விடுமுறை என்றால் பெரும்பாலும் காரில் கோனிஸ்டன் ஏரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணம். போர் நடுவில் சொந்தக் காருக்குப் பெட்ரோல் நிறுத்தப்பட்டபோது அவர் இழந்த பெரிய சந்தோஷம் அது. ஏரியின் நிறம், மலைமேல் வெளிச்சம் இவற்றை எழுதும்போது அவருடைய நடை மாறிவிடும், வாக்கியம் நீளும். பக்கத்து இருக்கையில் அதிகம் பேசாத கணவர். கொண்டுபோன சாப்பாட்டைக் கட்டியவரும் இவர்தான், திரும்பி வந்து பாத்திரத்தை எடுத்து வைப்பவரும் இவர்தான். ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் அவருக்குச் சொந்தம். விடுமுறையிலும் பெண்ணுக்கு வேலைதான் என்று நாம் சரியாகவே சொல்கிறோம். அந்த வேலைக்கு நடுவே அவள் ஏரியைப் பார்த்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

செல்லப் பிராணிகளும் அப்படியே. போர் தொடங்கிய முதல் சில நாட்களில் இங்கிலாந்தில் லட்சக்கணக்கான நாய்களையும் பூனைகளையும் வளர்த்தவர்களே கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். குண்டு விழுமே, தீனி கிடைக்காதே என்ற பயம். (சென்னையிலும் 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வருகிறார்கள் என்ற பீதியில் மிருகக்காட்சிச் சாலையின் சிங்கம், புலிகளைச் சுட்டுத் தள்ளினார்கள்.) நெல்லா வீட்டில் சோல் என்ற கிழநாயும் மர்ஃபி என்ற பூனையும் இருந்தன. அவற்றுக்கும் அந்தச் சின்ன டப்பாக்களிலிருந்துதான் ஏதாவது மிஞ்ச வேண்டும். கணவரிடம் சொல்ல முடியாத பேச்சு நாயிடம் போகிறது என்று வாசிப்பது சுலபம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. யாரும் கட்டளையிடாமல், கடமை என்று யாரும் சொல்லாமல் அவர் ஊட்டி வளர்த்த உயிர்கள் இவை மட்டுமே. பிற்காலத்தில் ஷான் வீ என்ற சயாமியப் பூனை வருகிறது. அதைப் பற்றி எழுதும்போது அவரிடம் இருக்கும் குறும்பு வேறெங்கும் இல்லை.

ஒரு முக்கியமான கேள்வி இன்னும் நிற்கிறது. நெல்லாவின் வாரத்துக்கு 2 அவுன்ஸ் தேயிலை எங்கிருந்து வந்தது? அசாமிலிருந்தும் இலங்கையிலிருந்தும். இலங்கை மலையகத்தில் கொழுந்து பறித்தவர்கள் நம் பெண்கள். 1927இல் அங்கே வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டமே ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குக் குறைந்த கூலி என்று எழுதி வைத்தது. தோட்டங்களில் சமக் கூலி வர 1984 ஆயிற்று. விடியுமுன் எழுந்து, லயத்தில் சமைத்து வைத்து, கூடையோடு மலை ஏறியவளும் 49 வயதுக்காரியாக இருந்திருக்கலாம். அவளிடம் நாட்குறிப்பு எழுதி அனுப்பு என்று எந்த அமைப்பும் கேட்கவில்லை. போர் முடிந்த மூன்றே ஆண்டில், 1948இல், அவளுடைய குடியுரிமையைச் சட்டம் பறித்தது. 1943இல் வங்கத்தில் சுமார் 30 லட்சம் பேர் பஞ்சத்தில் செத்தார்கள். தன் தீவுக்குள் இவ்வளவு நேர்த்தியாகப் பங்கிடத் தெரிந்த அதே அரசுதான் அங்கேயும் ஆண்டது.

இதற்காக நெல்லாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. அவர் தன் டப்பாவில் இருந்ததை எழுதினார். ஆனால் 'சாதாரணப் பெண்ணின் அன்றாடம்' என்று இந்தப் புத்தகத்தை மாணவிகள் கையில் கொடுக்கும்போது, எந்தச் சாதாரணம், யாருடைய அன்றாடம் என்று கேட்காமல் கொடுக்கக் கூடாது. எழுதப் படித்தவள், மேசையும் தாளும் தபால்தலைக்குக் காசும் இருந்தவள், எழுதியதைப் பத்திரப்படுத்த ஓர் ஆவணக் காப்பகம் வாய்த்தவள். மலையகத்துப் பெண்ணின் நாட்களுக்கு நமக்கு மிஞ்சியவை வாய்மொழிப் பாட்டுகளும் தோட்டத்துச் செக்ரோல் பதிவேடும்தான். செக்ரோலில் அவள் வேலைக்கு வந்த நாட்கள் இருக்கும். அன்று ராத்திரி வீட்டில் யார் பட்டினி கிடந்தது என்பது இருக்காது.

இங்கிலாந்தில் மிட்டாய்ப் பங்கீட்டை 1949 ஏப்ரலில் எடுத்துப் பார்த்தார்கள். ஜனங்கள் மொத்தமாய் அள்ளிக்கொண்டு போகவே ஆகஸ்டில் மறுபடி கொண்டுவந்தார்கள். 1953 பிப்ரவரியில்தான் அது முழுதாக ஒழிந்தது. சர்க்கரைக்கு அதே ஆண்டு செப்டம்பர், இறைச்சிக்கு 1954 ஜூலை. நெல்லா எழுதுவதை 1966 வரை நிறுத்தவில்லை; இரண்டு ஆண்டு கழித்து இறந்தார். அச்சில் வந்திருப்பது அவர் எழுதியதில் ஒரு சிறு பங்குதான். மீதி, சசெக்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சேர்ந்த மாஸ் அப்சர்வேஷன் காப்பகத்தில் இருக்கிறது.