மறை நாட்குறிப்பும் முன்ஷி அப்துல்லாவும்

மர்மக் கதைகளை விரும்பிப் படிக்கும் மாணவரை நம் பள்ளிகளில் எங்கும் காணலாம். அக்கதைகளுள் ஒரு வகைக்கு என்றும் மவுசு குறைவதில்லை. காடும் கடலும் கடந்த பயணி ஒருவர் இரகசியமாக ஒரு நாட்குறிப்பை எழுதி வைத்துவிட்டு மறைகிறார். அதனைக் கைப்பற்ற இரண்டு இரகசியச் சங்கங்கள் போட்டியிடுகின்றன. இடையே கொலை, துரத்தல், தப்புதல். முடிவில் அந்த ஏடு தீயில் எரிந்துபோகிறது. அல்லது ஆற்றோடு போகிறது. கதை விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஆயினும், இத்தனை பேர் உயிரைப் பணயம் வைத்துத் தேடிய ஏட்டை யாரேனும் படித்தார்களா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. ஏடு அங்கே ஏடாக இல்லை. புதையற் பெட்டியின் திறவுகோலாகவே இருக்கிறது. இவ்வகைக் கதைகளின் தலையாய குறை இதுவே என்பது நம் கருத்து.

இரகசியச் சங்கம் என்பது நமக்கு வெறுங் கற்பனை அன்று. நாம் வாழும் கிள்ளான் பள்ளத்தாக்கே அதன் களமாக இருந்தது. 1867-இல் தொடங்கிய சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் மலாய் இளவரசர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நின்றபோது, ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனரின் ஹை சான், கீ ஹின் என்னும் சங்கங்களும் எதிரெதிர் அணிகளிற் சேர்ந்தன. ஹை சான் தலைவர் யாப் ஆ லோய் 1868-இல் கோலாலம்பூரின் காப்பித்தான் ஆனார். 1881-இல் தீயாலும் வெள்ளத்தாலும் ஊர் அழிந்தபின் செங்கற் கட்டடங்கள் எழுந்தன. அவற்றுக்குச் செங்கல் அறுத்த இடமே இன்று நம்மவர் கடைகளும் கோயில்களும் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ். சங்கங்கள் சீனருக்கு மட்டும் உரியவை என்று எண்ணவும் வேண்டா. 1867-இல் பினாங்கில் நிகழ்ந்த கலகத்தில், மலாய்க்காரரோடு இந்திய முஸ்லிம்களும் சேர்ந்திருந்த வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடிச் சங்கங்கள் சீனச் சங்கங்களோடு கைகோத்து மோதிக்கொண்டன.

இனி, ஏட்டைச் சங்கம் தேடிய கதைக்கு மாறாக, ஏடு எழுதியவரே சங்கத்தைத் தேடிச் சென்ற உண்மை நிகழ்ச்சி ஒன்று உண்டு. மலாக்காவிற் பிறந்து 1854-இல் மறைந்த முன்ஷி அப்துல்லாவே அவர். யெமன் நாட்டிலிருந்து வந்த அவருடைய முன்னோர் ஒருவர் நாகூரில் தமிழ்ப் பெண்ணை மணந்தவர். அப்துல்லாவும் இளமையிலே தமிழ் கற்றார். வணிகத்துக்கும் கணக்குக்கும் தமிழ் வேண்டும் என்பதற்காக மலாக்காவின் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் அதனைக் கற்பது பண்டை வழக்கம் என்று அவரே சொல்கிறார். தமிழாசிரியர் மனத்திற் பதிக்க வேண்டிய செய்தி இஃது.

1838-இல் கிளாந்தானுக்குக் கடற்பயணம் சென்று, கண்டதை எழுதி அச்சேற்றினார். 1843-இல் எழுதி முடித்து 1849-இல் வெளியிட்ட ‘ஹிக்காயாட் அப்துல்லா’ அவருடைய வாழ்க்கை வரலாறு. சிங்கப்பூர்க் குடியேற்றத்தின் தொடக்க காலத்தில், சீன நண்பர் ஒருவர் துணையோடு மாறுவேடத்திற் காட்டுக்குள் சென்று, ‘வானும் மண்ணும்’ என்று பொருள்படும் பெயருடைய சங்கத்தின் சபதச் சடங்கை ஒளிந்திருந்து கண்ட வரலாறு இந்நூலில் வருகிறது. மர்மக் கதைகள் பக்கம் பக்கமாக முயன்றும் எட்டாத அச்சத்தை அப்துல்லா எளிய சொற்களால் நமக்கு ஊட்டுகிறார். காரணம், அவர் வீரம் பேசவில்லை; தாம் அஞ்சியதையும் மறைக்கவில்லை.

இத்தனை சிறப்பிருந்தும் அவர் எழுத்திற் குறை இல்லாமல் இல்லை. ஆங்கிலேயர் ஆட்சியிடம் அவர் கொண்ட மதிப்பு அளவு கடந்தது. அந்தக் கண்ணாடி வழியே பார்த்ததால் கிளாந்தானின் அரசியலில் அவருக்குக் கேடே மிகுதியாகத் தோன்றியது. காட்டுச் சங்கத்திலும் கொடுமையைத்தான் கண்டார். கம்பிர்த் தோட்டத்தில் உழைக்க வந்த ஏழைக்கு, நோயில் பார்க்கவும் செத்தால் அடக்கம் செய்யவும் அச்சங்கத்தை விட்டால் வேறு யார் இருந்தனர் என்று அவர் கேட்டாரில்லை. கண்டதை மறைக்காத கண் அவருடையது. காரணம் தேடும் கண் அன்று.

இக்குறையை நாம் சுட்டுவதற்குக் காரணம் உண்டு. 1889-இல் நீரிணைக் குடியேற்றங்களில் சங்கங்களை ஒடுக்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் 2013-இல் மலேசிய உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பெயர்களை வெளியிட வேண்டியிருந்தது. அத்தகைய கும்பல்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள் என்பதை மறைத்துப் பயனில்லை. சபதத்தையும் அடையாளக் குறியையும் கவர்ச்சியாகத் தீட்டிவிட்டு, சேர்ந்தவன் ஏன் சேர்ந்தான் என்று சொல்லாத கதை, படிக்கும் இளைஞனை வாயில்வரை அழைத்துச் சென்று விட்டுவிடுகிறது.

புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, 1846-இல்தான் அறிஞர் கண்ணிற் பட்டது. அதில் இருந்தவை கப்பற் செய்தி, சரக்கு விலை, துரைமார் பேச்சு முதலியன. அவற்றைப் பொறுமையோடு படித்ததனாலன்றோ ஒரு காலத்தின் வாழ்வு நமக்குக் கிடைத்தது!

ஆகவே மர்மக் கதையை மாணவர் கையிலிருந்து பிடுங்குமாறு ஆசிரியரை நாம் வேண்டவில்லை. அதனைப் படித்து முடித்த மாணவனுக்கு அப்துல்லாவின் அந்தக் காட்டுப் பயணத்தையும் எடுத்துச் சொல்லுங்கள். பின், ‘அந்தச் சங்கத்தில் அவர்கள் ஏன் சேர்ந்தார்கள்?’ என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள். அப்துல்லா கேளாமல் விட்ட கேள்வியை நம் மாணவர் கேட்கத் தொடங்கட்டும்.