இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே 146 வருஷம்

நம்மில் பெரும்பாலோருக்கு விஞ்ஞான வரலாறு அறிமுகமானது ‘பொருத்துக’ என்ற கேள்வியில்தான். இடப்பக்கம் தொலைநோக்கி, நுண்ணோக்கி, நீராவி எஞ்சின். வலப்பக்கம் வரிசை கலைத்துப் போட்ட பெயர்கள். சரியாகக் கோடு போட்டால் ஐந்து மார்க். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் முப்பது வயதிலும் அதே கோட்டைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கோடு ரொம்ப நேராக இருப்பதுதான் தொல்லை. நிஜத்தில் அது வளைந்து நெளிந்து போகும், நடுவில் நூறு வருஷம் காணாமல் போகும், பிறகு வேறொரு ஊரில் வேறொருவர் கையில் தலைகாட்டும். ருசி முழுக்க அந்தக் காணாமல் போன வருஷங்களில்தான் இருக்கிறது.

ரசிக்க விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது, மொத்த வரலாற்றையும் ஒரே மூச்சில் படிக்கும் ஆசையை விடுவது. ஏதாவது ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். திருகாணி, தீக்குச்சி, கடிகாரம், எதுவானாலும் சரி. அது போகிற வழியெல்லாம் கூடவே போங்கள். நான் பிடித்துக்கொண்டது லென்ஸ்.

போன மாதம் மொட்டை மாடியில் ஒரு வேலை செய்தேன். அம்மாவின் வெள்ளெழுத்துக் கண்ணாடி, பவர் +2. மகளின் கிட்டப்பார்வைக் கண்ணாடி, −5. மகளுடையதைக் கண்ணுக்கு அருகிலும், அம்மாவுடையதை அதற்கு முன்னால் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தள்ளியும், இரண்டு வில்லைகளும் ஒரே நேர்கோட்டில் வரும்படி பிடித்தேன். முதலில் வெறும் மங்கல். அம்மாவின் கண்ணாடியை விரல் அளவு முன்னும் பின்னும் நகர்த்தியதும், இரண்டு வீடு தள்ளியிருந்த தண்ணீர்த் தொட்டியின் மேல் எழுதியிருந்த எழுத்து சட்டென்று பெரிதாகி, நேராக, தலைகீழாகாமல் வந்து நின்றது. இரண்டரை மடங்குதான். ஆனால் கை நடுங்கினாலும் மனசு குதித்தது. “இதுக்கா என் கண்ணாடிய எடுத்துட்டுப் போன?” என்றாள் அம்மா. (நீங்களும் செய்யலாம். ‘சிலிண்டர்’ பவர் இல்லாத கண்ணாடியாகப் பார்த்து எடுங்கள். தப்பித் தவறியும் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள்.)

என் கையில் இருந்தது தொலைநோக்கி. கலிலியோ வானத்தைப் பார்த்ததும் இதே ஏற்பாட்டில்தான்: முன்னால் குவி லென்ஸ், கண்ணருகே குழி லென்ஸ்.

இப்போது ஒரு தேதி. 1462 அக்டோபரில் மிலான் நகரத்துப் பிரபு பிரான்செஸ்கோ ஸ்போர்சா, புளோரன்ஸிலிருந்து மூன்று டஜன் மூக்குக்கண்ணாடி வாங்கி அனுப்பும்படி தன் தூதருக்குக் கடிதம் எழுதினார். ஒரு டஜன் தூரத்தைப் பார்க்க, இளவயதுக்காரர்களுக்கு. ஒரு டஜன் கிட்டத்தைப் பார்க்க, வயதானவர்களுக்கு. ஒரு டஜன் பொதுவானவை. அதாவது குவி லென்ஸும் குழி லென்ஸும் ஒரே ஊரில், டஜன் கணக்கில் விலைக்குக் கிடைத்தன. தொலைநோக்கிக்கு உரிமம் கேட்டு நெதர்லாந்தில் மனு வந்தது 1608-இல். நடுவே 146 வருஷம். எத்தனை கடைக்காரர்கள், எத்தனை வேலைக்காரப் பையன்கள் ஒரு கையில் ஒன்றையும் மறுகையில் மற்றொன்றையும் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்திருப்பார்கள்! ஒருவருக்குமா தோன்றவில்லை?

விஞ்ஞான வரலாற்றை ரசிக்க எனக்குத் தெரிந்த ஒரே உபாயம் இந்தக் கேள்விதான்: ஏன் இவ்வளவு தாமதம்? ‘யார் கண்டுபிடித்தார்’ என்று கேட்டால் ஒரு பெயர் கிடைக்கும், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ‘ஏன் அதற்கு முன்பே இல்லை’ என்று கேட்டுப் பாருங்கள், பட்டறை திறக்கும்.

இந்த 146 வருஷத்துக்கு ரோல்ஃப் வில்லாக் என்ற ஆய்வாளர் சொல்லும் பதில் எனக்குப் பிடிக்கும். அவர் பழைய லென்ஸுகளைத் தேடிப் போய் அளந்து பார்த்தவர். அந்தக் காலத்து வில்லைகள் நடுவில் ஓரளவு ஒழுங்காகவும் ஓரத்தில் கோணல்மாணலாகவும் தேய்க்கப்பட்டிருந்தன. மூக்கில் மாட்டிப் படிக்க அது போதும். கண்மணி சில மில்லிமீட்டர் அகலம்தான், ஒரு நேரத்தில் வில்லையின் சிறு வட்டம் மட்டுமே வேலை செய்கிறது. தொலைநோக்கியின் முன் லென்ஸோ முழு வில்லையையும் ஒன்றாக வேலை வாங்குகிறது. ஓரத்துக் கோணல் எல்லாம் சேர்ந்து படத்தைக் குழப்பிவிடும். கடைப் பையன் பார்த்திருப்பான், பெரிதாகவும் ஆகியிருக்கும், ஆனால் கலங்கிய குட்டையாகத் தெரிந்திருக்கும். வைத்துவிட்டுப் போயிருப்பான். வில்லாக்கின் கணிப்புப்படி 1608-இல் புதிதாக வந்தது லென்ஸ் அல்ல. லென்ஸின் முன்னால் வைத்த ஓட்டை போட்ட மூடி. ஓரத்தை மறைத்து நடுவை மட்டும் திறந்துவிட்டதும் படம் தெளிந்தது. கலிலியோவும் தன் லென்ஸுகளின் ஓரத்தை மூடியேதான் பார்த்தார். ஒரு அட்டை வளையத்துக்காக உலகம் காத்துக்கொண்டிருந்தது என்பதை நான் முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் காபி போடப் போனேன். அப்படிப்பட்ட இடங்களில் உடனே அடுத்த பக்கத்துக்குப் போகக் கூடாது.

பெயர்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. மூக்குக்கண்ணாடியைக் கண்டுபிடித்தது யார்? தெரியாது. 1306 பிப்ரவரியில் ஜோர்தானோ என்ற பாதிரியார் புளோரன்ஸில் பிரசங்கம் செய்யும்போது, கண்ணாடி செய்யும் கலை வந்து இருபது வருஷம்கூட ஆகவில்லை என்றார். முதலில் செய்தவரைப் பார்த்துப் பேசியதாகவும் அந்தப் பிரசங்கக் குறிப்பில் இருக்கிறது. பெயர் மட்டும் இல்லை! பீசா நகரத்தில் அலெசாந்த்ரோ தெல்லா ஸ்பினா என்ற துறவி இருந்தார். யாரோ ஒருவர் கண்ணாடி செய்து ரகசியத்தைச் சொல்ல மறுத்தபோது, இவர் தாமாகவே செய்து பார்த்து, எல்லாருக்கும் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுத்தார் என்று அவருடைய மடத்துக் குறிப்பு சொல்கிறது. சொல்லாதவர் பெயர் போயிற்று, சொன்னவர் பெயர் நின்றது. காலி இடம் இருந்தால் யாராவது நிரப்பத்தானே செய்வார்கள்? பதினேழாம் நூற்றாண்டில் புளோரன்ஸ்காரர் ஒருவர் சால்வினோ என்ற ஆளைக் கொண்டுவந்து, கல்லறை வாசகம் உட்பட ஜோடித்தார். ஊர்ப்பெருமை! அது பொய்யென்று தெரிய இருநூறு வருஷத்துக்கு மேல் ஆனது. ட்ரெவீசோ ஊரில் 1352-இல் வரைந்த சுவரோவியம் ஒன்றில் ஹியூ என்ற கார்டினல் மூக்கில் கண்ணாடியோடு எழுதிக்கொண்டிருக்கிறார். கண்ணாடி அணிந்த மனிதரைக் காட்டும் மிகப் பழைய ஓவியம் அதுதான் என்கிறார்கள். ஆனால் ஹியூ காலமானது 1263-இல், கண்ணாடியே வருவதற்கு முன்பு. ஓவியர் படிப்பாளிக்கு மரியாதை செய்வதாக நினைத்து மாட்டிவிட்டார் போலும்.

தொலைநோக்கியிலும் இதே கதைதான். மிடில்பர்க் ஊரின் கண்ணாடிக்காரர் ஹான்ஸ் லிப்பர்ஹே மனு கொடுத்த சில வாரங்களுக்குள் இன்னொருவர் அதே பொருளுக்கு மனுவோடு வந்தார், வேறொருவரும் தனக்குத் தெரியும் என்றார். இத்தனை பேருக்குத் தெரிந்ததற்கு உரிமம் எதற்கு என்று அரசு மறுத்துவிட்டது. காசு மட்டும் கொடுத்து, இரண்டு கண்ணாலும் பார்க்கிற மாதிரி செய்துதரச் சொன்னது.

கலிலியோவைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் அவருடைய மளிகைச் சீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1609 நவம்பர் 23 தேதியிட்ட ஒரு கடிதம் அவருக்கு வந்தது. அதன் பின்பக்கத்தில் வெனிஸில் வாங்க வேண்டிய சாமான்களை அவர் குறித்து வைத்தார். கொண்டைக்கடலை, அரிசி, உலர்திராட்சை, சர்க்கரை, மிளகு, கிராம்பு, இலவங்கப்பட்டை. மூன்று வயது மகன் வின்சென்சியோவுக்குச் செருப்பும் தொப்பியும். அதே சீட்டில் பீரங்கிக் குண்டு இரண்டு, தகர ஆர்கன் குழாய், ஜெர்மன் கண்ணாடி, ஸ்படிகக் கல், மெருகேற்றும் பொடி, கீல், கம்பளித் துணி. குண்டு லென்ஸைத் தேய்க்க, குழாய் அதைப் பொருத்த. மளிகைக்கும் வானியலுக்கும் நடுவே ஒரு கோடுகூட இல்லை. அந்த மிளகு எந்த மலைச்சரிவிலிருந்து கப்பலேறியது என்று யோசிப்பது தனி சுகம். அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்து ஏழாவது வாரத்தில், 1610 ஜனவரி 7 அன்று, வியாழன் கிரகத்தின் பக்கத்தில் மூன்று சிறு புள்ளிகளைப் பார்த்தார். இப்படிப்பட்ட காகிதங்களைத் தேடிப் படியுங்கள். சிலைகளைவிட சீட்டுகள் அதிகம் பேசும்.

படங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது இன்னொரு சுவை. கலிலியோவுக்குச் சில மாதம் முன்பே, 1609 ஜூலையில், இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் தொலைநோக்கி வழியாக நிலவை வரைந்தார். அந்தப் படம் இணையத்தில் கிடைக்கும். ஒளிக்கும் இருளுக்கும் நடுவே ஒரு கரடுமுரடான கோடு, ஆங்காங்கே சில கிறுக்கல். கணிதத்தில் பெரிய ஆள், ஆனால் தான் பார்ப்பது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. கலிலியோ வரைந்ததில் மலையும் பள்ளமும் நிழலும் இருக்கின்றன. அவர் நிழல் போட்டு வரையப் பழகியவர். எந்த நிழல் எந்த உயரத்துக்குரியது என்று அவர் கண்ணுக்குத் தெரியும். கலிலியோவின் புத்தகம் வந்த பிறகு, 1610-இல் ஹாரியட் மறுபடி வரைந்தார். இம்முறை பள்ளங்கள் இருந்தன! அதே நிலவு, அதே மனிதர்.

மிளகு இன்னொரு முறையும் வருகிறது. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹுக், நூலின் தரம் பார்க்கும் பூதக்கண்ணாடியில் தொடங்கி, உளுந்தைவிடச் சிறிய லென்ஸுகளைத் தானே செய்தவர். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம். நாக்கைக் குத்தும் முள் ஏதாவது இருக்குமோ? முழு மிளகைத் தண்ணீரில் ஊறப் போட்டார். சில வாரம் கழித்து 1676 ஏப்ரலில் ஒரு துளியை எடுத்துப் பார்த்தால், முள்ளைக் காணோம், ஆயிரமாயிரம் உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. பாக்டீரியாவை மனிதன் முதன்முதலில் பார்த்த தருணங்களில் ஒன்று அது. லண்டனில் ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானக் கழகத்துக்கு எழுதினார், அவருக்குத் தெரிந்த ஒரே மொழியான டச்சில். நம்பச் சிரமப்பட்டார்கள். மறு ஆண்டு அந்தக் கழகத்தின் ராபர்ட் ஹூக்கும் மிளகுத் தண்ணீர் வைத்துப் பார்த்து ஊர்ஜிதம் செய்த பிறகுதான் ஏற்றார்கள். அப்புறம்? ஒன்றுமில்லை. வேடிக்கைப் பொருளாகவே கிடந்தது. இந்த மாதிரி ஓர் உயிர் ஒரு குறிப்பிட்ட நோயை உண்டாக்குகிறது என்று மருத்துவர் ராபர்ட் காக் மாடுகளைத் தாக்கும் அடைப்பான் நோயில் காட்டியது 1876-இல். சரியாக 200 வருஷம். இங்கே தாமதத்துக்கு லென்ஸ் மட்டும் காரணமல்ல. கண்ணால் காணாத ஒன்று இவ்வளவு பெரிய மாட்டைச் சாய்க்கும் என்று நினைக்க மனம் ஒப்பவில்லை. 146-க்கும் 200-க்கும் உள்ள வித்தியாசத்தைச் சுவைக்கத் தெரிந்துவிட்டால் நீங்கள் ரசிகர்தான்.

நம் ஊரிலும் பார்க்க ஓரிடம் உண்டு. சென்னை நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில், கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போனால், ஒரு கருங்கல் தூணைக் காணலாம். 1792-இல் கட்டிய மதராஸ் வானாய்வகத்தின் தொலைநோக்கி ஆடாமல் அசையாமல் இருக்க அதைத் தாங்கிய தூண். தமிழிலும் தெலுங்கிலும்கூட அதில் வாசகம் வெட்டியிருக்கிறார்கள். ஆங்கிலேயர் இங்கே கணித விஞ்ஞானத்தை நட்டதை ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்களும் அறிய வேண்டுமாம். (பஞ்சாங்கம் கணிக்கிறவர்கள் வாழ்ந்த நாட்டில்!)

அப்படிப்பட்ட பஞ்சாங்கக் குடும்பத்திலிருந்தே ஒருவர் அந்த ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல், ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். ‘பொருத்துக’ எதிலும் அவர் வந்து நான் பார்த்ததில்லை. அந்த மீன் இருக்கும் மண்டலத்தின் பெயர் ரெட்டிகுலம். தென்வானத்தை வரைந்த பிரெஞ்சு வானியலர் லக்காய் வைத்த பெயர் அது. தொலைநோக்கியின் கண் லென்ஸுக்குள், விண்மீனின் இடத்தைக் குறிக்கக் கட்டியிருக்கும் மெல்லிய நூல் வலைக்குத்தான் அந்தப் பெயர்.

தை மாதத்தில், இரவு எட்டு ஒன்பது மணிக்கு, சென்னையிலிருந்து பார்த்தால் ரகுநாதாச்சாரியின் மீன் தெற்கு அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். நகரத்து வானத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அம்மா கண்ணாடியும் மகள் கண்ணாடியும் போதாது, பைனாகுலர் வேண்டும், மீனும் பிரகாசமாக இருக்கிற காலமாக அமைய வேண்டும். எங்கள் மாடியில் அந்தத் திசையில் பக்கத்து வீட்டுத் தென்னை நிற்கிறது.