ஏறி இறங்கும் எண்கள்
பழைய காரின் ஆக்சிஜன் சென்சாரை நல்ல மெக்கானிக் சோதிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எடுத்ததும் ஸ்பேனரைத் தொடமாட்டார். இன்ஜினை நன்றாகச் சூடேறவிடுவார். சென்சார் சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அதன் உள்ளிருக்கும் சிர்கோனியா பீங்கான் வாய் திறக்கும். பிறகு சிக்னல் ஒயரில் டிஜிட்டல் மீட்டர். 0.1 வோல்ட்டுக்கும் 0.9க்கும் இடையே எண்கள் ஓயாமல் ஏறி இறங்கினால் உயிர் இருக்கிறது. 0.45 பக்கமே அசையாமல் நின்றால் சந்தேகம். கீழேயே கிடந்தால்? அவசரக்காரர் புது சென்சார் வாங்க ஓடுவார் (கடைக்காரருக்கு லாபம்). இவர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓரம் கரித்தடம் தேடுவார்; இருந்தால் அங்கே கசிவு. அந்தக் கசிவில் நுழையும் வெளிக்காற்று, பெட்ரோல் போதவில்லை என்று சென்சாரைப் பொய் சொல்லவைக்கும். தடம் கிடைத்ததும், சென்சாரையும் சோதிக்க இன்டேக்கில் கொஞ்சம் கார்புரேட்டர் கிளீனர் பீய்ச்சுகிறார். மீட்டர் சட்டென்று 0.8க்குத் தாவுகிறது. சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது, மாற்றவேண்டியது கேஸ்கெட்.